குற்றவாளி பிளேடு அல்ல, நுரை!

காலை ஏழே முக்கால். ஏதோ ஒரு கல்லூரி ஹாஸ்டல். வாஷ்பேசின் முன்னால் ஆறு பேர் கியூவில் நிற்கிறார்கள். முதலில் நிற்பவன் முகத்தில் தண்ணீரை ஒரு அடி அடிக்கிறான். டியூபிலிருந்து விரல் நீளத்துக்கு கிரீமைப் பிதுக்கி, உள்ளங்கையாலேயே கன்னத்தில் அப்புகிறான். பின்னால் நிற்பவன் "டேய் சீக்கிரம்டா" என்று கத்த, ரேசரை எடுத்து வறட் வறட் என்று இழுக்கிறான். மூன்றே நிமிடம், வேலை முடிந்தது. தாடைக்குக் கீழே இரண்டு வெட்டு, கழுத்து முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். அன்றைக்குத்தான் கேம்பஸ் இன்டர்வியூ. செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்து வெட்டுக்காயத்தில் ஒட்டிக்கொண்டே அவன் சொல்லும் தீர்ப்பு: "மச்சி, பிளேடு சரியில்லடா. அஞ்சு பிளேடு வச்சது ஒண்ணு வந்திருக்காம், அதை வாங்கணும்."

தீர்ப்பு தப்பு. பிளேடு பாவம், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. நனையாத முடி மேல், நுரையே இல்லாத தோல் மேல் எந்தப் பிளேடை இழுத்தாலும் இதுதான் நடக்கும். ஐந்து பிளேடு என்றால் ஐந்து முறை நடக்கும், அவ்வளவுதான் :-)

நூறு வருடத்துக்கும் மேலாக ஷேவிங் வியாபாரம் முழுக்க பிளேடைச் சுற்றியே ஓடுகிறது. கிங் கேம்ப் ஜில்லெட் தன் சேஃப்டி ரேசரை 1903-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார், 1904-ல் காப்புரிமை வாங்கினார். 1971-ல் இரட்டை பிளேடு வந்தது. 1998-ல் மூன்று, 2003-ல் போட்டிக் கம்பெனியிடமிருந்து நான்கு, 2006-ல் ஐந்து. இதில் ஒரு கூத்து உண்டு. 2004-ல் 'தி ஆனியன்' என்ற அமெரிக்க நையாண்டிப் பத்திரிகை, "அவன் நாலு போட்டால் நாம அஞ்சு போடுவோம்" என்று ஒரு கம்பெனி முதலாளி கொந்தளிப்பது போல ஒரு கட்டுரை போட்டுக் கிண்டலடித்தது. இரண்டே வருடத்தில் அந்தக் கிண்டல் கடையில் நிஜமாகவே விற்பனைக்கு வந்துவிட்டது!

இவ்வளவு வருடத்தில் நுரைக்கு என்ன ஆனது? அதை வேகப்படுத்தினார்கள். 1919-ல் பிரஷ் இல்லாமலே தடவிக்கொள்ளும் 'பார்பசால்' கிரீம் அமெரிக்காவில் வந்தது. 1949-ல் 'ரைஸ்' என்ற பெயரில் டப்பாவை அழுத்தினால் பீறிட்டு வரும் நுரை வந்தது. அழுத்து, தடவு, இழு. நேரம் மிச்சம்தான். ஆனால் பிரஷ் செய்துகொண்டிருந்த மூன்று வேலைகள் சத்தமில்லாமல் காணாமல் போயின.

பிரஷ் என்னதான் செய்கிறது?

தாடி முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. காய்ந்திருக்கும்போது கடினமாக இருக்கும். தண்ணீரை உறிஞ்சினால் உப்பி மிருதுவாகி, வெட்டுவதற்குத் தேவையான விசை நன்றாகக் குறைந்துவிடும். ஆனால் முடி உடனே உறிஞ்சிவிடாது, அதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். முகத்தில் இயல்பாக இருக்கும் எண்ணெய்ப் பசையும் தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கும். முகத்தில் தண்ணீரை ஒரு அடி அடித்துவிட்டு ரேசரை எடுப்பது, அரிசியைக் கழுவிய கையோடு மிக்ஸியில் போட்டு இட்லி மாவு அரைப்பது போல. ஊறவே இல்லையே சாமி!

பிரஷ்ஷால் வட்டம் வட்டமாகத் தேய்க்கும்போது சோப்பு எண்ணெய்ப் பசையை எடுக்கிறது, தண்ணீர் முடிக்குள் இறங்குகிறது. இது முதல் வேலை. படுத்துக் கிடக்கும் முடி எழுந்து நிற்கிறது, கூடவே மேல்தோலின் செத்த செல்கள் உரிந்து போகின்றன. இது இரண்டாவது. பிளேடுக்கும் தோலுக்கும் நடுவில் வழுவழுப்பான, ஈரம் நிறைந்த ஒரு படலம் உருவாகிறது. இது மூன்றாவது. டப்பா நுரையில் பெரும்பகுதி வாயு. பார்க்க மலை போல இருக்கும், தோலைத் தொடும் இடத்தில் ஈரம் குறைவு. முக்கியமாக, அது முகத்துக்கு வருவதற்கு முன்பே 'ரெடி'யாகி விடுகிறது. தேய்க்க வேண்டிய அவசியமே இல்லாததால், முடி ஊற வேண்டிய அந்த இரண்டு நிமிடமும் காலி.

சலூன் அண்ணன் சொல்லாமல் சொல்லும் பாடம்

இதையெல்லாம் யாரும் இணையத்தில் தேடி அலைய வேண்டியதில்லை. தெருமுனை சலூனில் ஒரு முறை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். (பெரும்பாலானோர் கண்ணை மூடிவிடுகிறார்கள், அதுதான் பிரச்சினை.)

"தலையைக் கொஞ்சம் சாச்சிக்கங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் முதலில் செய்வது தண்ணீர் பீய்ச்சுவது. கையால் தடவி நன்றாக நனைக்கிறார். அப்புறம் பிரஷ்ஷை மக்கில் முக்கி எடுத்து உதறுகிறார். சுண்டைக்காய் அளவு கிரீம், அதற்கு மேல் கிடையாது. கன்னத்தில் வைத்து வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தால் அவசரமே படமாட்டார். டிவியில் ஓடும் பாட்டைக் கேட்டுக்கொண்டே, வாடிக்கையாளரிடம் அரசியல் பேசிக்கொண்டே, நடுநடுவே பிரஷ்ஷின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டுத் தொட்டுச் சுற்றுகிறார். தம்பிக்கு அது சும்மா பேசிக்கொண்டு நேரம் கடத்துவது போலத் தெரியும். உண்மையில் அந்த நேரத்தில்தான் முக்கால்வாசி ஷேவிங் முடிகிறது. அதற்குப் பிறகு அவர் கையில் இருக்கும் பாதி பிளேடு வெண்ணெயில் கத்தி போல இறங்கும். அவர் ஐந்து பிளேடு கேட்டாரா? ஒரு பிளேடு கூட இல்லை, அரை பிளேடு!

இந்தக் கைப்பக்குவம் தலைமுறை தலைமுறையாக வந்தது. தமிழ்நாட்டில் இந்தத் தொழிலைச் செய்த சமூகத்துக்கு மருத்துவர் என்றும் பெயர் உண்டு. ஆனால் ஊர் அவர்களை அந்த மரியாதையோடு நடத்தவில்லை, தொழிலின் பெயரையே வசைச்சொல்லாக ஆக்கி வைத்தது. பி.இ. படித்து, தெர்மோடைனமிக்ஸ் தேறி, சொந்த முகத்தை ரத்தம் வராமல் மழிக்கத் தெரியாத ஒருவர் அந்தச் சொல்லைத் திட்டுவதற்குப் பயன்படுத்தினால் அது எவ்வளவு பெரிய நகைச்சுவை என்று யோசிக்கலாம்.

சரி, நுரை எப்படி எழுப்புவது?

வீட்டில் உளுந்து வடைக்கு மாவு அரைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபம். அம்மா தண்ணீரை மொத்தமாக ஊற்றுவதே இல்லை. தெளித்துத் தெளித்து அரைப்பார். ஒவ்வொரு தெளிப்புக்கும் மாவு கொஞ்சம் பொங்கும். அவசரப்பட்டு ஊற்றினால் மாவு நீர்த்து, வடை எண்ணெய் குடிக்கும். நுரைக்கும் விதி இதே விதிதான்.

முதலில் பிரஷ்ஷை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். பன்றி முடி பிரஷ் என்றால் மூன்று நான்கு நிமிடமாவது ஊறினால்தான் மிருதுவாகும். அதுவும் புதிதாக இருக்கும்போது முரட்டுத்தனமாகத்தான் இருக்கும். பத்துப் பதினைந்து ஷேவிங்குக்குப் பிறகு முடி நுனிகள் பிளந்து பட்டு மாதிரி ஆகிவிடும். பேட்ஜர் என்ற விலங்கின் முடியால் செய்த பிரஷ் தண்ணீரை நிறையப் பிடித்து வைக்கும், விலையும் அப்படித்தான். சிந்தடிக் பிரஷ்ஷுக்கு ஊறவே வேண்டாம், முக்கி எடுத்தால் போதும், சீக்கிரம் காயும். பன்றி முடி வேண்டாம், எந்த விலங்கின் முடியும் வேண்டாம் என்பவர்களுக்கும் அதுதான் வழி. பழைய நைலான் பிரஷ் துடைப்பம் மாதிரி இருந்தது உண்மை. இப்போது வரும் சிந்தடிக் இழைகள் அப்படி இல்லை.

பிரஷ் ஊறும் நேரத்தில் முகத்தைக் கழுவிக்கொள்ளலாம். குளித்த உடனே ஷேவ் செய்தால் இன்னும் நல்லது, முடி ஏற்கெனவே நனைந்திருக்கும்.

அடுத்ததுதான் பலரும் சறுக்கும் இடம். பிரஷ்ஷிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஆரம்பித்தால் பெரிய பெரிய குமிழி வரும், நுரை வழிந்து பனியனில் இறங்கும். அதனால் இரண்டு மூன்று முறை உதறி, பிரஷ் ஈரமாக இருந்தும் சொட்டாத நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கிரீம் என்றால் சுண்டைக்காய் அளவு. கட்டியாக வரும் ஷேவிங் சோப்பு என்றால் அதன் மேலேயே பிரஷ்ஷை இருபது முப்பது விநாடி சுற்றினால், பசை போல ஏறிக்கொள்ளும். இங்கே கஞ்சத்தனம் கூடாது. சோப்பு குறைந்த நுரை பாதி ஷேவிங்கிலேயே மறைந்துவிடும்.

பிறகு முகத்திலோ ஒரு சின்னக் கிண்ணத்திலோ வட்டமாகச் சுற்ற வேண்டும். முதல் அரை நிமிடம் வெறும் பசைதான் இருக்கும். பயப்பட வேண்டாம். பிரஷ் நுனியைத் தண்ணீரில் தொட்டு மறுபடி சுற்றினால் கொஞ்சம் இளகும். இன்னொரு தொடுதல், இன்னொரு சுற்று. இப்படி நாலைந்து முறை. பிரஷ்ஷை முகத்தில் நசுக்கித் தேய்க்கக் கூடாது, நுனிகள்தான் வேலை செய்ய வேண்டும். கடைசியில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல மேலும் கீழும் இழுத்து மட்டப்படுத்தினால் முடிந்தது.

பதம் பார்ப்பது எப்படி? நல்ல நுரை கெட்டித் தயிர் மாதிரி, லேசான பளபளப்போடு இருக்கும். கண்ணுக்குக் குமிழியே தெரியக் கூடாது. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இழுவையாக, ஒட்டிக்கொள்வது போல இருந்தால் தண்ணீர் போதவில்லை. குமிழி குமிழியாக இருந்து கண்ணெதிரே கரைந்தால் தண்ணீர் அதிகம் அல்லது சோப்பு குறைவு. புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் தண்ணீர் குறைவாகவே நிறுத்திவிடுகிறார்கள். கெட்டியாக, வெள்ளையாக, விளம்பரத்தில் வருவது போல இருந்தால் அதுதான் நல்ல நுரை என்ற நினைப்பு. காக்கவேண்டியது ஈரம். நுரை எவ்வளவு உயரம் என்பது கண்ணாடிக்கு மட்டும்தான் முக்கியம்.

இன்னொன்று. ஒரு தடவை மழித்த இடத்தில் மறுபடி பிளேடு போக வேண்டுமென்றால் மறுபடி நுரை பூச வேண்டும். அதற்குத்தான் பிரஷ்ஷில் மீதி நுரை இருக்கிறது. வெறும் தோலில் 'டச்சப்' செய்வதால்தான் எரிச்சலில் பாதி வருகிறது. முதல் முறை முடி வளரும் திசையிலேயே போக வேண்டும். கழுத்தில் அது பக்கவாட்டில் கூட வளரும், விரலால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். சுருட்டை முடி உள்ளவர்கள் எதிர்த்திசையை மறந்துவிடுவது நல்லது. பல பிளேடு ரேசர் முடியை இழுத்துத் தோலின் மட்டத்துக்குக் கீழே வெட்டும். வெட்டுப்பட்ட சுருட்டை முடி திரும்ப வளரும்போது வளைந்து தோலுக்குள்ளேயே குத்திக்கொள்ளும். தோல் டாக்டர்கள் 'சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே' என்று வாய் வலிக்கும் பெயர் வைத்திருக்கும் அந்தக் கழுத்துப் பருக்கள் இப்படித்தான் வருகின்றன.

உப்புத் தண்ணீர் என்னும் வில்லன்

எல்லாம் சரியாகச் செய்தும் நுரை வரவில்லையா? சந்தேகமே வேண்டாம், தண்ணீர்தான். போர்வெல் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம். சோப்பு அவற்றோடு சேர்ந்து கரையாத வெள்ளைப் பிசுக்காக மாறுகிறது. அந்த உப்பெல்லாம் தீரும் வரை போடும் சோப்பு நுரைக்கே வராது. பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் 'கடின நீர்' என்று மனப்பாடம் செய்து பரீட்சை முடிந்ததும் மறந்த அதே விஷயம்.

ஷேவிங் சோப்பில் பெரும்பாலும் ஸ்டியரிக் அமிலமும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்து உண்டான பொட்டாசியம் ஸ்டியரேட் இருக்கும். குளியல் சோப்பில் சோடியம் உப்புகள். பொட்டாசியம் சோப்பு மிருதுவானது, நன்றாகக் கரையும், சன்னமான, நின்று பிடிக்கும் நுரை தரும். அதனால்தான் குளியல் சோப்பை முகத்தில் தேய்த்து ஷேவ் செய்தால் நுரை ஒரு நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது. ஆனால் பொட்டாசியமோ சோடியமோ, கடின நீருக்கு எல்லாம் ஒன்றுதான்.

தீர்வு ரொம்ப எளிது. நுரைக்குத் தேவையான தண்ணீர் அரை டம்ளர் கூட இல்லை. அதை மட்டும் குடிநீர் கேனிலிருந்தோ, பிடித்து வைத்த மழைத் தண்ணீரிலிருந்தோ எடுத்துக்கொண்டால் போதும். தற்காலிகக் கடினத்தன்மை என்றால் கொதிக்க வைத்துத் தெளிய விட்டாலே குறையும். கழுவுவதற்குப் போர்வெல் தண்ணீரே போதும்.

ஒரு மக் தண்ணீர் சொல்லும் கதை

2000-களில் ஜில்லெட் கம்பெனி இந்தியாவுக்காக ஒரு ரேசர் தயாரித்தபோது, அதை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். இந்தியாவுக்கு வந்ததும் சொதப்பியது. காரணம், அந்த மாணவர்கள் குழாயைத் திறந்துவிட்டு ஷேவ் செய்தார்கள். இங்கே லட்சக்கணக்கானோர் தரையில் உட்கார்ந்து, கைக்கண்ணாடி வைத்து, ஒரே ஒரு மக் தண்ணீரில் ஷேவ் செய்கிறார்கள். ஓடும் தண்ணீர் இல்லாததால் ரேசரில் முடி அடைத்துக்கொண்டது. பிறகு அவர்கள் இந்திய வீடுகளுக்கே வந்து பார்த்து, 2010-ல் 'கார்டு' என்ற ரேசரை 15 ரூபாய்க்குக் கொண்டுவந்தார்கள். அதில் எத்தனை பிளேடு? ஒன்றே ஒன்று!

ஆக, ஒரு மக் தண்ணீரில், ஒரு பிரஷ்ஷோடு, ஒரு பிளேடில் தாத்தாக்கள் செய்த ஷேவிங் பின்தங்கிய பழக்கம் என்று நினைத்தால் அது தவறு. சாதாரணக் குழாயைத் திறந்து வைத்தால் நிமிடத்துக்கு ஐந்தாறு லிட்டர் போகும். ஐந்து நிமிட ஷேவிங்குக்கு ஒரு பெரிய பக்கெட் நிறைய. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் ஏறக்குறைய வறண்டு, தெருத்தெருவாக லாரிக்குக் குடத்தோடு நின்றவர்களுக்கு ஒரு பக்கெட்டின் அருமை தெரியும்.

பிரஷ்ஷுக்கும் ஒரு இருண்ட பக்கம்

பிரஷ் புகழ் பாடும்போது இதையும் சொல்லியாக வேண்டும். முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ராணுவ வீரர்கள், பொதுமக்கள் என நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆந்த்ராக்ஸ் நோய் வந்தது. தேடிப் பார்த்தால் காரணம் ஷேவிங் பிரஷ்! போரினால் நல்ல முடி கிடைக்காமல், சரியாகக் கிருமி நீக்கம் செய்யாத மலிவான குதிரை முடியை பேட்ஜர் முடி போலத் தோற்றம் மாற்றி விற்றிருக்கிறார்கள். 1920-ல் பிரிட்டன் ஜப்பானிலிருந்து ஷேவிங் பிரஷ் இறக்குமதியைத் தடை செய்யும் அளவுக்குப் போனது.

இன்று அந்த அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பாடம் பழசாகவில்லை. எய்ட்ஸ் விழிப்புணர்வு வந்த பிறகு சலூனில் எல்லோரும் "புது பிளேடு போடுங்கண்ணே" என்று கேட்கப் பழகிவிட்டார்கள், ரொம்ப நல்லது. காலையிலிருந்து எத்தனையோ முகங்களைத் தொட்ட பிரஷ்ஷை யாராவது ஒரு பார்வை பார்க்கிறார்களா? வெட்டுக்காயமும் படர்தாமரையும் உள்ள முகத்தைத் தொட்டது அதுவும்தானே. சலூனுக்குச் சொந்த பிரஷ் கொண்டுபோனால் எந்த அண்ணனும் கோபித்துக்கொள்ள மாட்டார். குறைந்தபட்சம் "ஒரு தடவை கழுவிடுங்கண்ணே" என்று சொல்லலாம். வீட்டிலும் ஷேவிங் முடிந்ததும் பிரஷ்ஷை நன்றாக அலசி, உதறி, காற்றோட்டமான இடத்தில் காய வைக்க வேண்டும். மூடி போட்ட டப்பாவில் ஈரத்தோடு அடைத்தால் பூஞ்சைக்கு விருந்து.

"அதெல்லாம் யாருக்குய்யா நேரம்?"

வரப்போகும் கேள்வி இதுதான். இப்போது தாடிதான் ஃபேஷன், டிரிம்மர் போதும் என்பவர்களுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை, சந்தோஷமாக இருக்கட்டும். ஊர் ஊராகப் பயணம் போகிறவர்களுக்கு டப்பா நுரை வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் வாரத்துக்கு நான்கு நாள் மழித்தாக வேண்டும் என்பவருக்குக் கணக்கு வேறு. நுரை எழுப்ப ஆகும் நேரம் இரண்டு நிமிடம். ரத்தத்தைத் துடைத்து, படிகாரத்தைத் தேடி, செய்தித்தாள் ஒட்டி, எரியும் கழுத்தோடு சட்டைக் காலரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு திரிவதற்கு ஆகும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்டர்வியூ நாளில் பையன் வாங்க வேண்டியது ஐந்து பிளேடு ரேசர் அல்ல. அதன் ஒரு பாக்கெட் கார்ட்ரிட்ஜ் காசில் ஒரு சாதா பிரஷ்ஷும் மாதக்கணக்கில் வரும் ஒரு டியூப் கிரீமும் வாங்கிவிடலாம். அப்புறம் பதினைந்து நிமிடம் முன்னால் எழுந்தால் போதும். வாஷ்பேசின் கியூவும் இருக்காது.

பி.கு: முதல் நாளே நுரை தயிர் மாதிரி வராது. அம்மாவுக்கும் முதல் வடை ஓட்டையோடு வந்திருக்காது, கேட்டுப் பார்க்கவும் :-)